குணரத்தினம் பாங்கொக்கில் அடித்த ரொட்டி

பாரிஸில் லா சப்பலில் இறங்கி, குணரத்தினம் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆள் முழிப்பார்கள். கொத்துக் குணா என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். மெத்ரோ வாசலில் நிற்கும்போதே சில நாட்களில் அவருடைய சத்தம் கேட்கும். இரும்புக் கல்லில் இரண்டு தகடுகளையும் போட்டு அவர் ரொட்டியைக் கொத்துகிற விதத்தை வைத்தே பழைய வாடிக்கையாளர்கள் மனுஷனின் மனநிலையைச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாதிரி, பத்றோன் எனும் கடை முதலாளியோடு கொளுவல் என்றால் இன்னொரு மாதிரி. ஏப்பிரல் மாதத்தில் மட்டும் தாளமே தப்பிப் போகும். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

லா சப்பலில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் பால்விடாத பிளேன்ரீயோடு கடை வாசலில் நின்றால், கொஞ்ச நேரத்தில் கதை ஊரைவிட்டு வந்த பாதைக்குப் போய்விடும். எந்த நாட்டுக் காட்டில் நடந்தோம், எந்த லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்தோம், எத்தனை நாள் பாணும் தண்ணீரும். கஷ்டம் கூடக்கூட மரியாதையும் கூடும். பனியில் இரண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வந்த வழியில் ஒருவன் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லிப் பார்க்கட்டும்! அவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதோடு அவன் சரி.

தாய்லாந்து வழியாக வந்தவன் என்றால் அதற்கு மேலே ஒரு தலையிடி.

"குணா அண்ணை மூண்டு வருசம் பாங்கொக்கில நிண்டவர். சும்மாவோ நிண்டிருப்பார்?" வெங்காயம் வெட்டுகிற உதயன் மாதத்துக்கு ஒரு தடவையாவது தொடங்குவான். "மசாஜ் எல்லாம் எப்பிடி அண்ணை? எங்களுக்கும் சொல்லலாம்தானே."

"டேய், அறைக்குள்ள வைச்சுப் பூட்டியிருந்தவங்கள். நான் வெயிலையே காணேல்லை."

"வெயில் காணாத ஆளின்ரை நிறமோ இது?" என்பான் உதயன். சமையலறை முழுவதும் சிரிக்கும். குணாவும் சிரிப்பார்.

மூன்று வருடம் அறைக்குள் பூட்டிக் கிடந்தேன் என்பதுதான் குணாவின் கதை. லா சப்பலுக்கும் அதே கதை, புறநகர் ஸ்தேனில் வீட்டிலிருக்கும் மனைவி கலாவதிக்கும் அதே கதை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே பாடமாகிவிட்டது. அதில் முதல் நான்கு மாதம் உண்மை. மிச்சம் முழுவதும் பச்சைப் பொய்.

இரண்டாயிரத்து ஒன்பது நவம்பரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது குணாவுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம். இரும்புக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரைத் தேடி இரண்டு முறை ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அனுப்பிவைத்தார்கள். பாங்கொக்கில் ஏஜென்சிக்காரன் ஏழு பேரை ஒரு நாலாம் மாடி அறைக்குள் விட்டான். வெளியே தலை காட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்றான், இரண்டு கிழமையில் பிரான்ஸ் என்றான், போனான். போனவன் போனவன்தான். விசா முடிந்தது. அரிசி முடிந்தது. ஏழு பேரில் யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று வந்தபோது, திருவுளச் சீட்டு குணாவின் பெயருக்கு விழுந்தது.

இறங்கியவருக்கு முதலில் கிடைத்தது பொரிகிற மாவின் மணம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி, அதில் வட்டத் தட்டையான கல், அதன் முன்னால் ஒரு பெண் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு மாவை வீசத் தெரியவில்லை. வீசுகிறபோது கிழிந்தது, கிழிந்ததை ஒட்டினாள், மறுபடி கிழிந்தது. குணா அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஊரில் மாமாவின் சாப்பாட்டுக்கடையில் பள்ளி விடுமுறைக்கு ரொட்டி வீசின கை. மறக்கவில்லை.

அவள் பெயர் பிம். வண்டி அவளுடைய கணவனுடையது. பர்மாவிலிருந்து வந்த மனிதன், அந்த வருடம்தான் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தான். பிம் குணாவைக் 'குன்' என்று கூப்பிட்டாள், தன் பெயரின் சுருக்கம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அந்த ஊரில் யாரையும் மரியாதையாக அழைக்கிற சொல் அது என்று பிறகு தெரிந்தது. காகிதமில்லாமல், பொலிஸைக் கண்டால் சந்துக்குள் ஓடுகிற ஒருவனை அவன் பெயராலேயே மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தால் மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது, சொல்லுங்கள்.

ஐயோ, அந்தப் பின்னேரங்கள்! மாவைக் கல்லில் போட்டு, விளிம்பைப் பிடித்து வீசி, துணிபோல விரித்து, நடுவில் வாழைப்பழத்தை வட்டம் வட்டமாகப் போட்டு, நாலு பக்கமும் மடித்து, மாஜரீனில் பொன்னிறமாகப் பொரித்து, சதுரம் சதுரமாக வெட்டி, மேலே கெட்டியான இனிப்பு ரின்பாலைக் கம்பிபோல ஊற்றி, ஒரு பிடி சீனியும் தூவி, காகிதத்தில் வைத்து ஈர்க்குச்சி இரண்டு குத்திக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் 'இன்னும் பால், இன்னும் பால்' என்று குதிப்பார்கள். தாய்லாந்து மொழி முழுவதையும் குணா அந்தப் பிள்ளைகளிடம்தான் பொறுக்கினார். பக்கத்தில் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் விற்கிற ஒருவர் கைமணியை ஆட்டிக்கொண்டே இருப்பார். மழை வந்தால் எல்லோரும் ஒரே தகரத்துக்குக் கீழே ஒதுங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை கால்வாய்ப் படகில் ஏறி, தெறிக்கிற அழுக்குத் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசித் துறைவரைக்கும் சும்மா போய்விட்டு வருவார். சீலோம் பக்கம் அம்மன் கோயில் இருந்தது. அங்கே தாய்லாந்துக்காரர் செவ்வந்திமாலையோடு நம்மைவிடப் பக்தியாக நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறார்.

பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு முறை மயிரிழையில் தப்பினார். அறையிலிருந்த இருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் காலையில் எழும்பும்போது இன்றைக்கு எத்தனை வாழைப்பழம் வாங்க வேண்டும் என்கிற யோசனைதான் முதலில் வரும். இருபது வருடமாக விழித்தவுடன் செல்லடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் பழகிய மனிதனுக்கு அது என்ன பெரிய சுகம் என்று உதயனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உதயன் நினைக்கிற சபலமெல்லாம் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடந்தது. அதையெல்லாம் குணா சுலபமாகக் கடந்து போனார். அவரைப் பிடித்து வைத்தது ரொட்டிக்கல்.

வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அறைக்குள்ளதான் இருக்கிறன். வெளியில போகேலாது." யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான். முதல் தடவை பயத்தில் சொன்னார், பிறகு பழக்கத்தில் சொன்னார். போகப் போக, வேறு எதைச் சொல்லுவது என்று தெரியாமல் சொன்னார். கலாவதி அழுவாள். இவர் தொலைபேசியை வைத்துவிட்டு மாவுக்குத் திரும்புவார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஏப்பிரலில் வந்தது வினை. அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் வருடப்பிறப்பு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். பிம் மல்லிகைப்பூப் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து குணாவின் இரண்டு உள்ளங்கையிலும் மெதுவாக ஊற்றினாள். இவர் ஊரில் வருடப்பிறப்புக்குத் தலையில் மருத்துநீர் வைப்பதைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பாரிஸ் குளிராம். அங்கே போய் யாருக்கு ரொட்டி வீசப் போகிறீர்கள்? இன்னொரு வண்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். இங்கேயே இருந்துவிடுங்கள்."

அவ்வளவுதான். கையைக்கூடப் பிடிக்கவில்லை. குணா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள், செத்தானோ என்றிருந்த ஏஜென்சிக்காரனின் அழைப்பு வந்தது. பாஸ்போட் சரி, வியாழக்கிழமை பிளைட், வெளிக்கிடு என்றான். குணா தெருமுனையில் நின்று, கையில் மாவோடு, தனக்கு நூற்றிநான்கு காய்ச்சல் என்றார். அந்த இடத்தில் வேறொருவன் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே கலாவதிக்கும் போன் எடுத்துச் சொன்னார். "காய்ச்சல் கலா. போக முடியேல்லை. அடுத்த முறை பாப்பம்."

கலாவதி "சரி. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். அன்றைக்கு அவள் அழவில்லை.

அடுத்த முறை என்பது எட்டு மாதம் கழித்து வந்தது. அதுவும் தானாக வரவில்லை. நவம்பரில் ஒருநாள் மாமியார் தில்லைநாயகி தொலைபேசியில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "தம்பி, இவள் உங்களுக்காக நேர்த்தி வைச்சு ஏழு மாதமாச் சீனி வாயில வைக்கிறேல்லை. நீங்கள் வந்து சேருமட்டும் தொடமாட்டாளாம். எலும்பும் தோலுமாப் போனாள். உந்த அறையை விட்டு எப்ப வெளிக்கிடுறியள்?" குணாவின் விரலிலிருந்து ரின்பால் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கிழமையே ஏஜென்சிக்காரனைத் தேடிப் போனார், டிசம்பரில் விமானம் ஏறினார். பிம் வழியில் சாப்பிட என்று ஒரு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள். அதை அவர் விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

பாரிஸ் வந்து, காகிதம் கிடைத்து, கலாவதியைக் கூப்பிட இன்னும் நான்கு வருடம் போனது. வந்த முதல் நாள் குணா தேத்தண்ணி போட்டு, இரண்டு கரண்டி சீனியும் போட்டுக் கொடுத்தார். கலாவதி கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தாள். "சீனி இல்லாமல் தாங்கோ. பழகிப்போச்சு." பிறகு மகள் மிருணாளினி பிறந்தாள், பிறந்தநாள் கேக்குகள் வந்தன, பொங்கல் வந்தது. கலாவதி எல்லாம் செய்வாள், எல்லோருக்கும் பரிமாறுவாள், தான் தொடமாட்டாள். அவளுடைய சீனியில்லாத கோப்பை தினமும் குணாவின் முன்னால் மேசையில் இருந்தது. கொத்துக் கடையில் ரொட்டி வீசுகிற குணா, வீட்டில் ஒருநாள்கூட வாழைப்பழ ரொட்டி செய்ததில்லை.

இனிக் கேளுங்கள், போன வருட ஆரம்பத்தில் நடந்ததை. இருவருக்கும் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். உலகம் முழுவதும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அதனால் இங்குள்ள சனம் தாய் தகப்பனைப் பார்ப்பதென்றால் மூன்றாவது நாடு ஒன்றில்தான் சந்திக்கும். அறை எடுத்து, பத்து நாள் சமைத்துச் சாப்பிட்டு, அழுதுவிட்டு ஆளுக்கொரு விமானத்தில் ஏறும். தில்லைநாயகிக்கு எழுபத்து மூன்று வயது. மகளைக் கண்டு எட்டு வருடம், பேத்தியைக் கண்டதேயில்லை. இந்திய விசா இரண்டு முறை இழுபட்டுப் போனது. விமான ரிக்கற் போடுகிற லோறன்ஸ் கலாவதியிடம் சொன்னார்: "அக்கா, ஏன் இந்தியாவோட மினக்கெடுறியள்? இலங்கைப் பாஸ்போட்டுக்கு இப்ப தாய்லாந்து விசா கேக்கிறேல்லை. அம்மாவை நேர பாங்கொக்குக்கு ஏத்திவிடச் சொல்லுங்கோ. ஏப்பிரல் பள்ளிக்கூட வக்கான்ஸுக்கு நீங்கள் மூண்டு பேரும் போங்கோ."

கலாவதி பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். குணா கேட்டவுடனே துள்ளினார்.

"பாங்கொக் வேண்டாம்."

"ஏனப்பா?"

"வேண்டாம் எண்டால் வேண்டாம். அங்கை பொலிஸ் என்னைப் பிடிச்சால்? என்னைப் பூட்டி வைச்சிருந்த ஊருக்கு என்னையே போகச் சொல்லுறீரோ?"

கலாவதி அவரையே பார்த்தாள். "அப்ப நானும் பிள்ளையும் போறம். நீங்கள் நில்லுங்கோ. அம்மாவுக்கு இன்னும் எத்தனை ஏப்பிரல் வரும்?"

கலாவதி தனியாகப் போனால் தாயைக் காண்பாள், பொய்யும் தப்பும். ஆனால் அந்தத் தெருவில் அவள் தானில்லாமல் நடப்பதைக் குணாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தானும் போனால் கால் எந்தப் பக்கம் இழுக்கும் என்றும் பயமாக இருந்தது. மூன்று கிழமை ரிக்கற் போடாமலே போனது. கடையில் தகடு இரண்டும் தாளம் தப்பின. "அண்ணைக்கு ஏப்பிரல் முந்தி வந்திட்டுது" என்றான் உதயன்.

கடை பூட்டுகிற திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தால் வந்த மிருணாளினி சோஃபாவில் தகப்பனின் மேல் சாய்ந்துகொண்டு, அம்மம்மாவைச் சந்திக்கப் போகிற ஊர் எப்படியிருக்கும் என்று கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்தாள். தெரு, கோயில், தெரு. பிறகு ஒரு தள்ளுவண்டி.

"பப்பா, செ குவா சா?" இது என்ன என்று கேட்டாள்.

வீடியோவில் ஒரு பொடியன் மாவை வீசிக்கொண்டிருந்தான். குணா இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை அவன் மாவைக் கிழித்தபோது, பொறுக்க முடியவில்லை.

"விசரன்! உப்பிடியோ வீசுறது? விளிம்பைப் பிடிக்கவேணும், நடுவைப் பிடிக்கக்கூடாது. கல்லு இன்னும் சுடேல்லை. பழத்தையும் அவசரப்பட்டுப் போடுறான். பார், இப்ப பால் ஊத்துவான், கம்பிமாதிரி வராது, கொட்டும்…"

பால் கொட்டியது. குணா வெற்றியோடு நிமிர்ந்தார். சமையலறை வாசலில் கலாவதி, கையில் சீனியில்லாத கோப்பையோடு நின்றாள்.

"அறைக்குள்ள பூட்டியிருந்த ஆளுக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும்?" என்று கேட்டாள்.

குணா வீடியோவை நிறுத்தினார். பிறகு சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வண்டியை, பிம்மை, பூத்தண்ணீரை, இரண்டாவது வண்டியை, இல்லாத காய்ச்சலை. "வேற ஒண்டும் நடக்கேல்லை கலா. சத்தியமா இல்லை. சந்தோசமா இருந்தனான், அவ்வளவுதான். நீர் அங்கை சீனிகூடத் தொடாமல் எனக்காக நேர்த்தி இருந்தனீர். நான் பாங்கொக்கில சீனி தூவிக்கொண்டு நிண்டனான். நான் அறைக்குள்ள கிடந்து கஷ்டப்படுறன் எண்டு நம்பினீர்…"

"நான் எப்ப நம்பினனான்?" என்றாள் கலாவதி.

குணா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒவ்வொரு முறையும் போனில மணிச்சத்தம் கேக்கும். சின்னப் பிள்ளையள் கத்துறது கேக்கும். பூட்டின அறைக்குள்ள என்ன பள்ளிக்கூடமோ நடத்தினவங்கள்? காய்ச்சல் எண்டு சொன்ன அண்டைக்கும் அந்த மணி கேட்டது. பின்னால ஒரு பொம்பிளை சிரிச்சவ. அண்டைக்குத்தான் நான் சீனியை விட்டனான்." கோப்பையை மேசையில் வைத்தாள். "நீங்கள் கஷ்டப்படுறியள் எண்டு இல்லையப்பா. சந்தோசமா இருக்கிறியள் எண்டு பயந்து."

"அப்ப ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவியள். பிறகு நான் என்ன செய்யிறது?"

மிருணாளினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குணாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. "நான்தான் வந்திட்டனே கலா. பன்னிரண்டு வருசமாச்சு. பிறகும் ஏன் சீனி தொடேல்லை?"

"வந்து சேருமட்டும் எண்டுதானே நேர்த்தி வைச்சனான்," என்றாள் கலாவதி. "ஏப்பிரல் வந்தால் உங்களைப் பாக்கிறனான். ஆள் இஞ்சை மேசையில இருக்கும். வேற எங்கையோ நிக்கும்."

குணா எழும்பிப் போய்ச் சமையலறையில் மாவை எடுத்தார். ஊற வைக்க நேரமில்லை, ஆனாலும் கை சொன்னதைக் கேட்டது. வீசினார், பழம் வைத்தார், மடித்தார், பொரித்தார். பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த ரின்பாலைக் கம்பிபோல ஊற்றினார். மிருணாளினி கையெல்லாம் பாலாக்கிக்கொண்டு மூன்று துண்டை விழுங்கிவிட்டு "ஆங்கோர், பப்பா!" என்று இன்னும் கேட்டாள். குணா ஒரு துண்டைக் கலாவதியிடம் நீட்டினார். அவள் வாங்கி, மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தாள். பிறகு தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"இஞ்சை வேண்டாம்," என்றாள். "லோறன்ஸ் அண்ணைக்குப் போன் அடிச்சு மூண்டு ரிக்கற் போடச் சொல்லுங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருமுனைக்குப் போவம். அந்த மனுசி இன்னும் நிண்டால் அவவின்ரை கையாலயே வாங்கிச் சாப்பிடுறன். நீங்கள் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ. சாப்பிட்டு முடிச்சு, எல்லாருமா வீட்டை வருவம்."

குணா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.